மார்ட்டினிக்கேற்ற கிரிஸ்டல் கோப்பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மார்ட்டினி என்னும் கலப்பு மதுபானத்துக்குக் கோப்பை வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது வேலைப்பாட்டை. முதலில் பார்க்க வேண்டியதோ கொள்ளளவை. ஜின் என்னும் மதுவையும், மூலிகை மணமூட்டிய திராட்சை மதுவான வெர்மூத்தையும் பனிக்கட்டியோடு கலக்கிக் குளிரவைத்து, பனிக்கட்டியை வடிகட்டிவிட்டே இந்தப் பானம் பரிமாறப்படுகிறது. ஆகவே கோப்பைக்குள் வந்த பிறகு அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க எதுவும் இல்லை. வெதுவெதுப்பான மார்ட்டினியில் சாராய நெடி மட்டுமே மேலோங்கும். குளிர் போவதற்குள் குடித்து முடிக்கக்கூடிய அளவே சரியான அளவு.

60 மில்லி ஜின்னும் 15 மில்லி வெர்மூத்தும் சேர்த்துக் கலக்கினால், பனிக்கட்டி உருகிச் சேரும் நீரோடு ஏறத்தாழ 95 மில்லி பானம் கிடைக்கும். இதற்கு 150 மில்லி கோப்பை போதுமானது. கடைகளில் கண்ணைக் கவரும் 300 மில்லி கோப்பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மார்ட்டினிக் கோப்பையின் கூம்பு வடிவத்தில் பாதி உயரம் வரை ஊற்றினால் மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குதான் நிறையும். மேலே செல்லச் செல்ல அளவு வேகமாகக் கூடும். 95 மில்லி பானம் சிறிய கோப்பையின் உயரத்தில் ஆறில் ஐந்து பங்குக்குச் சற்று மேல் வரை ஏறி நிறைவாகத் தெரியும். பெரிய கோப்பையில் அதே நிறைவு தெரிய வேண்டுமானால் இரண்டு பேருக்கான மதுவை ஊற்ற நேரிடும்.

அடுத்தது கண்ணாடியின் வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 24 சதவீதமோ அதற்கு மேலோ ஈய ஆக்சைடு கொண்டது ஈயக் கிரிஸ்டல்; 30 சதவீதத்தை எட்டினால் அது முழு ஈயக் கிரிஸ்டல். ஈயம் ஒளியை அதிகமாக வளைத்துப் பளபளப்பையும், கூடவே எடையையும், சுண்டினால் நீண்டு ஒலிக்கும் ஓசையையும் தருகிறது. ஆனால் ஈயம் மதுவில் சிறிது சிறிதாகக் கரையும். பல நாட்கள் ஊற்றி வைப்பதில்தான் அபாயம் பெரிது என்றாலும், தினமும் புழங்கும் கோப்பைக்கு ஈயமற்ற கிரிஸ்டலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேரியம், துத்தநாகம் முதலியவற்றின் ஆக்சைடுகளைக் கொண்டு செய்யப்படும் இவ்வகையின் பொலிவும் குறைந்ததன்று. ஈயமற்றது என்று பெட்டியில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிறகு கோப்பையைக் கையில் எடுத்து, விளிம்பை விரலால் மெதுவாக வருடிப் பாருங்கள். உருட்டி மடித்ததுபோல் தடித்த விளிம்பு இருந்தால் பானம் உதட்டில் தடைபட்டு வழியும். வெட்டி மெருகேற்றிய மெல்லிய விளிம்பே நல்லது. உள்ளங்கைச் சூடு கிண்ணத்தைத் தொடாதபடி மூன்று விரல்களால் பிடிக்கும் அளவுக்குத் தண்டு நீளமாக இருக்க வேண்டும். அகன்ற வாயுள்ள கூம்பு எளிதில் சாயும் என்பதால் அடித்தட்டும் தாராளமாக அகன்றிருக்க வேண்டும். நடமாடிக்கொண்டே குடிக்கும் விருந்தினர் மிகுந்த வீட்டுக்கு, வளைந்த பக்கங்களைக் கொண்ட கூப் அல்லது நிக் அண்ட் நோரா கோப்பையே அதிகம் பொருந்தும்; அவற்றில் பானம் அவ்வளவு எளிதாகத் தளும்பாது.

வெட்டு வேலைப்பாடுள்ள கிரிஸ்டல் பெரும்பாலும் தடிமனானது. தடித்த சுவர் குளிரவைக்கப்படாமல் இருந்தால் பானத்தின் குளிரை உறிஞ்சிவிடும். நன்கு குளிர்ந்திருந்தாலோ அதுவே குளிரைக் காத்துத் தரும். எனவே அத்தகைய கோப்பையை வாங்குபவர், பரிமாறுவதற்கு முன் பனிக்கட்டியும் நீரும் நிரப்பிச் சில நிமிடங்கள் வைத்திருந்து கொட்டிவிட்டு, அதன்பின் மதுவை ஊற்றும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். மெல்லிய கோப்பைக்கும் இது நன்மையே.

குளிர்ந்த கோப்பையின் மேல் வெந்நீர் பட்டால் விரிசல் விழலாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் தவிர்த்து, மிதமான சூடுள்ள நீரில் கையால் கழுவி, பஞ்சு பிரியாத துணியால் துடையுங்கள். துடைக்கும்போது ஒரு கையால் அடித்தட்டையும் மறு கையால் கிண்ணத்தையும் எதிரெதிராக முறுக்கினால் தண்டு ஒடிந்துவிடும். விளிம்பே கோப்பையின் மிக மென்மையான பகுதி. ஆகவே அலமாரியில் கவிழ்க்காமல், ஒன்றோடொன்று உரசாத இடைவெளியில் நிமிர்த்தி வையுங்கள்.