‘ஃபேர் டு மிட்லிங்’: பொருள் கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் ‘ஃபேர் டு மிட்லிங்’ என்று விடை சொல்வதுண்டு. நம் வழக்கில் ‘ஏதோ இருக்கிறேன்’ என்பதைப் போன்றது அது. மொழிபெயர்ப்பவர்கள் முதலில் சறுக்குவது ‘ஃபேர்’ என்ற சொல்லில்தான். அகராதியில் முன்னே நிற்கும் ‘நியாயம்’ என்ற பொருளை எடுத்து ‘நியாயம் முதல் நடுத்தரம் வரை’ என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. இங்கே அது ஒரு பருத்தித் தரத்தின் பெயர்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் லிவர்பூல் சந்தையிலும் பருத்திக்குத் தரம் பிரித்தவர்கள், பேல் எனப்படும் பஞ்சுப் பொதியிலிருந்து ஒரு கை பஞ்சை உருவி, அதன் நிறம் வெளுப்பா பழுப்பா, இலைத்தூள் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தே பெயர் சூட்டினார்கள். அமெரிக்க வேளாண் துறை 1909இல் வகுத்த ஒன்பது தரங்களில் ‘மிட்லிங் ஃபேர்’ உச்சியிலும் ‘குட் ஆர்டினரி’ அடியிலும் இருக்க, ‘மிட்லிங்’ சரியாக ஐந்தாவதாக, நட்டநடுவில் நின்றது. அதன் விலையை அடிப்படையாக வைத்தே மற்றத் தரங்களுக்குக் கூட்டியும் குறைத்தும் விலை பேசினார்கள். ஆகவே ‘மிட்லிங்’ என்பதை ‘மட்டம்’ என்று எழுதுவதை நான் பெரிய பிழையாகவே கருதுகிறேன். மட்டமான பஞ்சுக்கு அதற்குக் கீழே நான்கு படிகள் இருந்தன. ‘ஃபேர்’ மேலே, ‘மிட்லிங்’ கீழே என்பதால் இத்தொடர் இறங்கிச் செல்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

டெக்சஸில் சிலர் இதை ‘ஃபேர் டு மிட்லண்ட்’ என்கிறார்கள். மிட்லண்ட் அங்குள்ள ஓர் ஊர். ஒலி ஒப்புமையால் நுழைந்த அந்தப் பெயரைத் தொடரின் பிறப்பிடமாகக் கொள்வது தவறு.

‘ரன் ஆஃப் த மில்’ என்ற தொடரும் சாதாரணமானதையே குறிக்கிறது என்றாலும், அதன் பிறப்பு வேறு: ஆலையிலிருந்து தரம் பிரிக்கப்படாமல் அப்படியே வெளிவரும் சரக்கைக் குறித்தது அது. இரண்டுக்கும் ஒரே வரலாற்றை எழுதிவிடக் கூடாது.

தமிழாக்கத்தில் ‘பரவாயில்லை’ என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ‘பரவாயில்லையே!’ என்று ஓர் ஏகாரம் சேர்ந்ததும் அது வியப்பும் பாராட்டுமாக மாறிவிடுகிறது. ‘சுமார்தான்’ என்பதற்கு அந்த ஆபத்து இல்லை.