புதுப் பந்துக்குக் கட்டை போடுவது எப்படி: புஜாரா வழி

ரன் அடிக்காமல் தடுத்தே ஆடும் மட்டையாளரை ‘கட்டை போடுறான்’ என்று நக்கலடிப்பவர்கள், அவன் எத்தனை பந்தைத் தொடாமலே விட்டான் என்று எண்ணுவதில்லை. 2017இல் ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 202 ரன் எடுக்க இந்திய மட்டையாளர் சேதேஷ்வர் புஜாரா 525 பந்துகளைச் சந்தித்தார். டெஸ்ட்டில் ஒரே இன்னிங்ஸில் வேறெந்த இந்தியரும் அத்தனை பந்து ஆடியதில்லை. அந்தப் பொறுமைக்குப் பின்னால் இருப்பது பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான்.

முதலில் விடப் பழகுங்கள். நடு ஸ்டம்புக்கு நேராக மட்டையை ஊன்றி நின்று (மிடில் ஸ்டம்ப் கார்டு), பந்து வீசுபவரின் கையை விட்டு வரும் நேரத்தில் உங்கள் தலை ஆஃப் ஸ்டம்புக்கு (உங்கள் காலிலிருந்து தள்ளியிருக்கும் ஓர ஸ்டம்ப்) நேராக வருகிறதா என்று பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் கணக்கு எளிது: கண்ணுக்கு வெளியே போவதை விடலாம். உள்ளே திரும்பும் பந்துதான் விதிவிலக்கு. அதனால் முதல் இரண்டு ஓவர் பந்து எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு 16 கஜத்திலிருந்து 30 பந்து எறியச் சொல்லி, ஒன்றையும் மட்டையால் தொடாமல் ‘விடு’, ‘ஆடு’ என்று வாய்விட்டு மட்டும் சொல்லுங்கள். ‘விடு’ என்றது ஸ்டம்பில் பட்டால் அவுட். சலிப்பான பயிற்சிதான், பலரும் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

பந்து எகிறும் ஆடுகளங்களில் நீளத்தை, அதாவது பந்து எவ்வளவு தூரத்தில் குத்துகிறது என்பதைப் பார்த்தும் விடலாம். ஸ்டம்புக்கு நேராக வந்தாலும் பந்து மேலே போய்விடும். தாழும் களத்தில் அதையே செய்தால் பெவிலியன்தான்.

அடுத்தது தடுப்பு. முன்காலைப் பந்து விழும் இடத்தை நோக்கி வையுங்கள், குறுக்கே வேண்டாம். குறுக்கே போனால் உள்ளே வரும் பந்துக்கு மட்டை காலைச் சுற்றிவர வேண்டியிருக்கும்; பந்து ஸ்டம்புக்கு நேரே காலில் பட்டு எல்பிடபிள்யூ அவுட். மட்டையும் பேடும் (கால் காப்பு) ஒட்டி இருக்கட்டும். மேல்கை பிடிக்கட்டும், கீழ்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். பந்து கண்ணுக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். கீழ்கை இறுகினால் மட்டை பந்தை முட்டும், விளிம்பில் பட்டது விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் பீல்டர் வரை போகும். பிடி தளர்ந்திருந்தால் அதே விளிம்பு ஸ்லிப்புக்கு முன்னாலேயே விழுந்துவிடும்.

இவ்வளவு செய்தும் மாட்டலாம். ஆஸ்திரேலியாவில் நடந்த 2020-21 டெஸ்ட் தொடரில் புஜாராவின் 8 இன்னிங்ஸில் 5 முறை அந்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ்தான் அவரை வீழ்த்தினார். ஆஃப் ஸ்டம்பை ஒட்டி, விடவும் முடியாமல் ஆடவும் முடியாமல் விழும் நல்ல நீளப் பந்துக்கு முழு மருந்து கிடையாது.

மார்புக்கு வரும் ஷார்ட் பந்தை மட்டையால் தட்டிவிடப் பார்க்காதீர்கள், கால் பக்கம் மட்டையாளருக்கு மிக அருகில் நிற்கும் ஷார்ட் லெக் பீல்டர் அந்தக் கேட்ச்சுக்குத்தான் நிற்கிறார். கையை இறக்கி, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் உடம்பில் வாங்குங்கள். அதே தொடரின் 2021 பிரிஸ்பேன் டெஸ்ட்டின் கடைசி நாளில் புஜாரா இப்படிப் பல அடி வாங்கி 211 பந்தில் 56 எடுத்தார். 328 ரன் இலக்கை இந்தியா 3 விக்கெட் மீதமிருக்க எட்டியது. ஹெல்மெட்டில் கழுத்துக் காப்பு, மார்புக் காப்பு, கைக் காப்பு மூன்றும் இல்லாமல் இதை முயல வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

சுழலுக்கு அரைகுறையாகக் கால் வைப்பது உதவாது. கிரீஸை விட்டு இறங்கினால் பந்து விழும் இடம்வரை போய்த் திரும்பும் முன்பே ஆடுங்கள். இல்லையென்றால் கிரீஸுக்குள் ஆழமாகப் பின்வாங்குங்கள். பேடால் மட்டும் தடுப்பவர்கள் விதியை நினைவில் வையுங்கள்: உண்மையாக ஆட முயன்றிருந்தால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேடில் பட்டது அவுட் இல்லை. மட்டையைப் பேடுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

புஜாரா மீதான ஒரு குறை நியாயமானது. 2021 சிட்னி டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் அரைசதத்துக்கு 170 பந்துகளுக்கு மேல் ஆனது. ஒருவர் அப்படி நின்றுவிட்டால் ரன் எடுக்கும் நெருக்கடி எதிர்முனைக்காரர் தலையில் விழும். அதனால் தளர்ந்த கையால் தடுத்த பந்து காலடியில் சாகும்போதெல்லாம் பீல்டர் எங்கே என்று பாருங்கள்; ஆஃப் பக்கம் நிற்கும் கவர் பீல்டர் தள்ளிப் பின்னால் நின்றால் ஒரு ரன் ஓடிவிடலாம்.