மலைச்சரிவில் இலையுதிர்காடு மீள: நாற்று நடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஜவ்வாது, கல்வராயன் மலைகளில் மொட்டையாகத் தெரியும் சரிவுக்கு உடனே நாற்று வாங்காதீர்கள். மேலே மரம் போயிருந்தாலும் மண்ணுக்குள் பெரும்பாலும் வேர் உயிரோடு இருக்கும். நல்ல மழை பெய்து இரண்டு வாரம் கழித்து, 10 மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, துளிர்த்த அடிக்கட்டைகளையும் கன்றுகளையும் எண்ணுங்கள். பதினொன்று இருந்தால் 3 மீட்டர் இடைவெளியில் நட்டதற்குச் சமம், நாற்றே வேண்டாம். (காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கத்தியே வைக்கக்கூடாது.)

அடிக்கட்டையில் கொத்தாக வரும் துளிர்களில், தரையை ஒட்டிக் கிளம்பிய இரண்டை விட்டு மற்றதைக் கழியுங்கள். உயரத்தில் கிளம்பியவை பெருத்ததும் காற்றில் பிய்ந்துவிடும். வெக்காலி மரத்துக்கு இந்த வேலை மிக முக்கியம். அதன் விதையில் முளைப்பது மிகக் குறைவு. கட்டையை இழந்தால் மரத்தையே இழந்த மாதிரி.

மற்ற செடிகளை நெருக்கிப் பரவும் உண்ணிச்செடியை (லன்டானா) தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கே புதராகிவிடும். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் வெயிலில் காயும். காய் பழுக்குமுன் முடிக்க வேண்டும். சரிவு முழுவதையும் ஒரே வருஷத்தில் வெட்டுவதுதான் பெரிய தவறு: மண்ணைப் பிடிக்க ஆளில்லாமல் போகும். சரிவுக்குக் குறுக்கே 5 மீட்டர் எடுத்து, 5 மீட்டர் விடுங்கள். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் திரும்ப முளைக்கும். மூன்று வருஷம் பார்த்துப் பிடுங்குங்கள்.

ஓடைக்கு உதிரிக்கல் தடுப்பை உச்சியிலிருந்து கட்டி இறங்குங்கள். கீழே தொடங்கினால் மேல்வெள்ளம் அடித்துப் போகும். தடுப்பின் நடு, ஓரத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கட்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் கரையை அறுக்கும். கை ஊன்றி ஏறும் செங்குத்தில் அகழி வேண்டாம். ஓரிடம் உடைந்தால் அதுவே புது ஓடையாகும்.

வெற்றிடத்தில் மட்டும் வேங்கை, தான்றி, நெல்லி நடுங்கள். குழி மண்ணைக் கீழ்ப்பக்கம் பிறைவடிவில் அணைத்தால் நீர் நிற்கும். சந்தனத்தின் வேர் பற்றிச் சத்தெடுக்க அருகிலேயே துணைச்செடி கட்டாயம்.

தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். அதனால் அடிவாரத்திலும் இரு பக்கமும் 3 மீட்டர் அகலத்துக்கு, ஜனவரிக்குள் சருகை வழித்துத் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். உள்ளே கிடக்கும் சருகைத் தொடாதீர்கள். ஏப்ரலில் மரம் இலையில்லாமல் நிற்கும்போது கோடைமழையின் அடியைத் தாங்குவது அந்தச் சருகுதான். அது எரிந்துபோனால் முதல் மழையிலேயே மேல்மண் சாம்பலோடு ஓடைக்கு இறங்கிவிடும்.