நோய் வந்த செடியை எங்கே போடுவது?

வாடிய தக்காளிச் செடியைப் பிடுங்கி உரக்குழியில் எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனவன்தான் நானும். அந்த எருவை இட்ட பாத்தியில் அடுத்த பருவத்தில் கத்தரி வாடியது.

மக்கினால் கிருமி செத்துவிடும் என்பது பாதிதான் உண்மை. குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள் கொதித்துக் கிடந்தால் பெரும்பாலான பூஞ்சை, பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் அன்றாடம் ஒரு வாளி என்று சேரும் தோட்டக் குப்பை அந்தச் சூட்டைத் தொடுவதே அரிது. தொட்டாலும் ஓரங்கள் ஆறித்தான் கிடக்கும். தக்காளியையும் தாக்கும் புகையிலைத் தேமல் வைரஸ் இன்னும் கெட்டி. காய்ந்த சருகிலும் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

அதனால் என்ன நோய் என்று பார்க்காமல் எங்கும் போடாதீர்கள். வாடிய செடியின் தண்டை அடிப்பகுதியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் நூல்போல் வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மண்ணில் வாழும் கிருமி என்பதால் தோட்டத்தில் புதைப்பதும் ஆகாது. வேரில் முடிச்சு போடும் நூற்புழுவுக்கும், ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலுக்கும் இதே கணக்குதான். வேரோடும் ஒட்டிய மண்ணோடும் பையில் இறுக்கிக் கட்டித் தோட்டத்தைவிட்டே வெளியேற்றுங்கள். அந்த டம்ளர் தண்ணீரையும் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள், கொதிக்கவைத்துக் கொட்டுங்கள்.

வீண் பயமும் உண்டு. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. செடி காய்ந்துவிட்டால் அந்த வைரஸுக்குப் பிழைப்பு இல்லை. ஈ ஒழிந்து நன்றாகச் சருகான செடியைத் தாராளமாக மக்கவைக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது பிடுங்கும்போதுதான். இலை ஈரமாக இருக்கையில் கைவைத்தால் கிருமி கையிலும் துணியிலும் ஒட்டி அடுத்த செடிக்குப் போகும். சாம்பல் நோய் வந்த பூசணிக் கொடியைப் பாத்திகளுக்கு நடுவே இழுத்துப் போனால் வெண்பொடி பறக்கிறதே, அவ்வளவும் பூஞ்சை வித்து. நின்ற இடத்திலேயே பையைக் கவிழ்த்து மூடிவிட்டு அறுங்கள்.

எரிக்கலாமே என்பார்கள். பச்சைச் செடி எரியாது, புகையும். பல இடங்களில் சட்டமும் அனுமதிக்காது.

கடைசியாகக் கத்தரிக்கோல். ஒட்டிய சாற்றைத் துடைத்தபின் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். சாறு காய்ந்து படிந்திருந்தால் மருந்து அதன் மேலோடு நின்றுவிடும்.