ஒரு வருடம், தினம் ஒரு படம்: நடுவில் விடாமல் முடிக்க

தினம் ஒரு போட்டோ என்று ஆரம்பிக்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கேமராவாலோ லென்ஸாலோ இல்லை. இரவு பத்தரை மணிக்கு, சாப்பிட்டு எழுந்த பிறகு, "ஐயோ, இன்றைக்கு இன்னும் எடுக்கவில்லையே" என்று வீட்டுக்குள் எதையாவது தேட ஆரம்பிக்கும்போதுதான் தடுமாற்றம். முதல் நாள் காபி டம்ளர், மறுநாள் வாசல் செருப்பு, அதற்கடுத்த நாள் மறுபடி டம்ளர். நான்கு நாள் இப்படிப் போனால் ஐந்தாம் நாள் கை தானாக விட்டுவிடும். எப்போது எடுப்பது, எதை எடுப்பது, எது கணக்கில் சேரும் என்று தினமும் புதிதாக யோசிக்க வேண்டியவை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு தூரம் வண்டி ஓடும். ஆகவே பாதி வேலை, முதல் படம் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் எழுதிவைக்க வேண்டியவை

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். ஒன்று, நாள் என்பது எது? நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று வைத்துக்கொள்வதே எளிது. கேமரா பதிக்கும் தேதியே தீர்ப்பு. இரவு ஷிப்ட் வேலை செய்பவர்கள் மட்டும், தூங்கி எழுந்ததிலிருந்து மறுபடி தூங்கும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு, எந்தக் கருவி? போன் மட்டுமா, கேமரா மட்டுமா, இரண்டும் சேர்த்தா? "கேமரா மட்டும்" என்று வீராப்பாக எழுதுகிறவர்கள், அதை வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போகும் முதல் கல்யாணத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். இரண்டையும் அனுமதிப்பதே புத்திசாலித்தனம். மூன்று, தவறிய நாளை என்ன செய்வது? காலியாக விட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள். மறுநாள் இரண்டு எடுத்து ஈடுகட்ட ஆரம்பித்தால், ஒரு மாதத்தில் வாரத்துக்கு ஏழு படத்தை ஞாயிற்றுக்கிழமையே எடுக்கும் நிலைமைக்கு வந்துவிடும். நான்கு, யாருக்குக் காட்டப் போகிறீர்கள்? இதற்கு "யாருக்கும் இல்லை" என்பதும் நல்ல பதில்தான்.

ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டாம். எந்தத் தேதியில் ஆரம்பித்தாலும் 365 நாள்தான். 2028 பிப்ரவரி 29 உங்கள் வருடத்துக்குள் வந்தால் 366.

நாளுக்கு எத்தனை தடவை ஷட்டரை அழுத்தலாம் என்பது உங்கள் விருப்பம். அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 முதல், இறந்துபோன 1997 அக்டோபர் 25 வரை எடுத்த உடனே படம் கையில் வந்துவிடும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில் நாளுக்கு ஒன்று என்று எடுத்துவந்தார். ஒவ்வொரு படத்துக்கும் பிலிமுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. டிஜிட்டலில் அந்தக் கட்டுப்பாட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பொருளை பத்து முதல் முப்பது தடவைக்குள் முடித்துக்கொண்டால் இரவில் தேர்ந்தெடுக்கும் வேலை ஐந்து நிமிடத்தில் தீரும். இருநூறு எடுத்தால் அன்றைக்குத் தேர்ந்தெடுக்கவே மாட்டீர்கள்.

எந்த நேரம்

தினமும் ஒரே நேரத்துக்கு போனில் அலாரம் வையுங்கள். அது பகல் வெளிச்சம் இருக்கும் நேரமாக இருக்கட்டும். சென்னையில் சூரியன் ஜூன் தொடக்கத்தில் சுமார் 5:42-க்கும், ஜனவரி கடைசியில் சுமார் 6:35-க்கும் உதிக்கும். மறைவது நவம்பர் கடைசியில் சுமார் 5:39, ஜூலையில் சுமார் 6:39. அலுவலகம் விட்டு ஆறரைக்குக் கிளம்புகிறவருக்கு ஜூலையில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும். நவம்பரில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அக்டோபர் முதல் ஜனவரி வரை அலாரத்தைக் காலைக்கோ மதிய உணவு இடைவேளைக்கோ மாற்றிவிடுங்கள்.

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதை இங்கே நம்பினால் ஏமாற்றம்தான். உதித்தபின் அரை மணி நேரத்துக்குள் அந்த மஞ்சள் போய்விடும். மறைந்த பிறகும் இருபது நிமிடத்தில் இருட்டு.

உச்சிவெயிலில் முகம் எடுத்தால் கண்குழி கருத்துப்போகும். ஆளைக் கூரைக்கோ திண்ணைக்கோ கீழே, விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே நிறுத்துங்கள். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே விளக்கு. வெயிலே வேண்டும் என்றால் நிழலைப் படமாக்குங்கள்: ஜன்னல் கம்பி, சைக்கிள் சக்கரம், மாடிப்படி. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்பத்துக்குப் பக்கவாட்டில் நிழலே இருக்காது. அந்த இரண்டு நாளுக்கும் படம் தயார்.

அமைப்புகள்: ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம்

கேமராவில் அபெர்ச்சர் முன்னுரிமை (லென்ஸ் திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் முறை), ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), அதற்கு உச்சவரம்பு 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 நொடி. லென்ஸ் திறப்பு பகலில் எஃப் 5.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), வீட்டுக்குள் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. ராவும் (கேமரா பதித்ததை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு) ஜேபெக்கும் சேர்த்து. பெரும்பாலான நாட்களுக்கு இது போதும். நீங்கள் திருப்ப வேண்டியது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் ஒன்றைத்தான். சட்டகம் முழுக்க வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ இருந்தால் +0.7 முதல் +1; இல்லாவிட்டால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். கறுப்புப் பின்னணி என்றால் −0.7 முதல் −1.

போனில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்தால் படம் கருக்கும். கட்டக்கோடுகளைத் திரையில் காட்டும் வசதியை இயக்கிவையுங்கள். லென்ஸைத் துடையுங்கள். மங்கலாக வந்தது என்று புலம்பப்படும் போன் படங்களில் பல, சட்டைப்பையின் எண்ணெய்ப் பிசுக்கால் வந்தவை.

டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் கேமரா பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவந்தால் பட்டை போய்விடும்.

கோலத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்

எல்லாரும் எடுப்பது, பலருக்குச் சரியாக வராதது. ஈரத் தரை கருப்பு, மாவு வெள்ளை. போன் கருப்பைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிட, கோடுகள் ஊதிப்போய் வெறும் வெள்ளைப் பட்டைகளாகிவிடும். கோட்டின் மேலேயே விரல் வைத்துப் பூட்டுங்கள், பிறகு கொஞ்சம் கீழே இழுங்கள். அடுத்தது உங்கள் நிழல். காலைச் சூரியன் கிழக்கே இருக்க, நீங்களும் கிழக்குப் பக்கம் நின்றால் உங்கள் நிழல் கோலத்தின் நடுவில் விழும். மேற்குப் பக்கம் போய் சூரியனை நோக்கி நில்லுங்கள். நிழல் முதுகுக்குப் பின்னால் போய்விடும், சாய்ந்த வெளிச்சம் மாவின் மேட்டைக் காட்டும். நேர் மேலிருந்து எடுப்பதானால் போன் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் புள்ளிவரிசை ஒரு பக்கம் குறுகிவிடும். கோலம் போட்ட வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் கையையும் எடுக்கலாமா என்று கேட்டால், கோலத்தைவிட நல்ல படம் கிடைக்கக்கூடும்.

இதே கவனம் காபி ஆவிக்கும் வேண்டும். ஆவி தெரிய மூன்று வேண்டும்: பின்னாலிருந்து வெளிச்சம், பின்னணியில் இருட்டு, அசையாத காற்று. ஜன்னலுக்கு எதிரே டபராவை வையுங்கள், டபராவுக்குப் பின்னால் ஒரு அடர்நிறத் துணி அல்லது மரக்கதவின் நிழற்பகுதி வருமாறு கோணத்தை மாற்றுங்கள், ஷட்டர் 1/250. ஃபேனை அணையுங்கள். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில்தான் கோட்டைவிடுவார்கள்.

கார்த்திகை அகல் விளக்குக்கு ப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2, 1/60 என்று ஆரம்பித்து, சுடர் வெளுத்தால் ஷட்டரை வேகமாக்குங்கள். தீபாவளி வாணவேடிக்கைக்கு ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு முதல் நான்கு நொடி. பௌர்ணமி நிலவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/125. ஆட்டோவில் விட்டால் வெள்ளைப் பொட்டுதான் வரும்.

எதை எடுப்பது

இணையத்தில் 365 தலைப்புகள் என்று பட்டியல்கள் கிடைக்கும். பனிமனிதன், இலையுதிர் காலம், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு என்று இருக்கும், நமக்கு உதவாது. 52 வாரத்துக்கு 52 சொல் நீங்களே எழுதுங்கள்: வாளி, கொடிக்கயிறு, பூட்டு, தண்ணீர்க்குடம், பேருந்து ஜன்னல், பூக்கட்டும் விரல், சாவி, மழைக்குப் பிந்தைய தார்ச்சாலை. தலைப்பு கட்டாயமில்லை, அது காயாத கிணறு. அன்றைக்கு வேறு எதுவும் கிடைக்காவிட்டால் அதில் இறங்கலாம். காய்ச்சல் நாளுக்கென்று படுக்கையிலிருந்தே எடுக்கக்கூடிய பத்து விஷயங்களைத் தனியாக எழுதிவையுங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது முதலில் கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம். கோயில்களில் கருவறைப் பக்கம் பொதுவாகத் தடை. வாசலில் பலகை பார்த்துவிட்டுப் போங்கள்.

மழையும் பூஞ்சையும்

வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் லென்ஸுக்குள் வெள்ளை நூல்போலப் பூஞ்சை பிடிக்கும். தோல் பையில் மூடிவைப்பது அதற்கு விருந்து. காற்றுப்புகாத சமையலறை டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால், மாறியதும் காயவைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். கேமராவை அறைக்குள்ளேயே ஜிப் பையில் மூடி, பிறகு அரை மணி நேரம் வெளியே வைத்தால், ஆவி பையின் மேல் படியும், லென்ஸில் அல்ல. கடற்கரைக்குப் போய்வந்தால் உப்பு காய்வதற்குள் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.

இரவு ஐந்து நிமிடம்

அன்றைய படத்தை அன்றைக்கே தேர்ந்தெடுங்கள். இது மட்டும் தள்ளிப்போகவே கூடாது. 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 25 எம்பி. தினம் முப்பது எடுத்து எல்லாவற்றையும் வைத்தால் வருடத்துக்கு 274 ஜிபி. மூன்றை மட்டும் வைத்தால் சுமார் 27 ஜிபிதான். தேர்ந்தெடுத்ததற்கு 2026-08-18 என்று வருடம் முன்னால் வருமாறு பெயரிடுங்கள். கணினி தானே வரிசைப்படுத்திக்கொள்ளும். 18-08-2026 என்று எழுதினால் எல்லா மாதத்துப் பதினெட்டாம் தேதிகளும் ஒன்றாகக் குவியும். கூடவே ஒரு வரிக் குறிப்பு: எங்கே, என்ன, ஏன் இது.

பிரதிகள் மூன்று: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ, ஒன்று. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வது பிரதி ஆகாது. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி விவரத்தையும் கழற்றிவிடும்.

மாதக் கடைசியில் முப்பது படத்தையும் ஒரே திரையில் சின்னதாகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் நின்ற உயரத்திலிருந்து எடுத்தவையா? ஆட்களின் முதுகு மட்டுமேவா? பத்து படம் மொட்டைமாடி வானமா? கண்ணில் படுகிற ஒரே ஒரு பழக்கத்தை அடுத்த மாதம் தடைசெய்யுங்கள். ஒன்றுக்கு மேல் தடைசெய்தால் எடுப்பதே நின்றுவிடும்.

வருடம் முடிந்ததும்

4×6 அங்குலப் பிரிண்டுக்கு 1200×1800 பிக்சல் போதும், போன் படமே தாராளம். 12×18-க்கு 3600×5400 வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படம் அதற்கு எட்டாது. எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்க்க, 36 அங்குல அகலம், 24 அங்குல உயரத் தாளில் மாதத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம் என்று 12×31 அடுக்குங்கள்; ஒவ்வொரு படமும் சுமார் 1.1 அங்குல அகலம், 1.6 அங்குல உயரம் வரும். அதனால் செங்குத்தாக வெட்டினாலும் தாங்கும் படங்களா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வருடத்தில் ஏழு கட்டம் மிஞ்சும்: பிப்ரவரிக்கு மூன்று, முப்பது நாள் மாதங்களுக்கு நான்கு. அவற்றை வெள்ளையாக விடுங்கள். எடுக்காமல் தவறிய நாட்களுக்குச் சாம்பல்நிறம் அடியுங்கள்.