காசு போட்டோவுக்குக் கேமரா வாங்கும் முன் ஒரு ஸ்கேலை எடுங்கள்

காசு சேர்ப்பவர்கள் கேமரா வாங்கக் கிளம்பினால் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது, காசு தெளிவாக ஃபோகஸில் நிற்கும்போது லென்சின் முகத்துக்கும் காசுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை. அந்தச் சந்துக்குள்தான் வெளிச்சம் நுழைந்து காசின் மேல் பட்டுத் திரும்பி லென்சுக்குள் போக வேண்டும். இரண்டு செ.மீ. மட்டும் மிஞ்சினால் கேமராவின் நிழலைத்தான் படம் பிடிப்பீர்கள், கேமரா லட்ச ரூபாயாக இருந்தாலும் சரி. பத்து செ.மீ.க்கு மேல் கிடைத்தால் பழைய 12 மெகாபிக்சல் பெட்டியே தாராளம்.

அடுத்தது அளவு. 2011 வரிசை ஒரு ரூபாய் 22 மி.மீ., பத்து ரூபாய் 27 மி.மீ., பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய் 30 மி.மீ. சொச்சம். புதுக்கோட்டை அம்மன் காசு ஒரு செ.மீ. அளவுதான் வரும், திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் அதைவிடப் பொடிசு. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரூபாயும் அணாவுமா, இல்லை பணம், சக்கரம் என்று பெயர் கொண்ட பழைய பொடிக் காசுகளா என்பதைப் பொறுத்துத்தான் வாங்க வேண்டிய லென்ஸ் மாறும்.

இதைக் கண்டுபிடிக்க விளம்பரத் தாளைப் படிக்க வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். வீட்டில் இருக்கும் கேமராவோ, கடையில் கையில் கொடுப்பதோ, எதுவானாலும் ஸ்கேலை மேசையில் வைத்து, ஃபோகஸ் பிடிக்கிற வரைக்கும் கிட்டே போய், படத்தின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக ஸ்கேல் வருவது போல ஒரு படம் எடுங்கள். அந்தப் பக்கத்தில் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று எண்ணுங்கள். 30 தெரிந்தால் பிரமாதம். 45 வரை இருந்தால் வேலை நடக்கும். நூறு தெரிந்தால் அந்த லென்ஸ் தனியாக உதவாது, கூட ஏதாவது மாட்ட வேண்டும். படம் எடுத்த கையோடு லென்சுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை நிமிர்ந்து நுழைந்தால் விளக்கு வைக்க இடம் இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். கேனன் 600டி என்று 2011இல் வந்த கேமரா, 18 மெகாபிக்சல், படத்தின் குட்டைப் பக்கம் 3456 பிக்சல். அதோடு வரும் சாதாரண 18-55 மி.மீ. ஜூம் லென்சை 55இல் வைத்து மிகக் கிட்டே போனால் குட்டைப் பக்கத்தில் ஏறத்தாழ 44 மி.மீ. அடங்கும். 25 மி.மீ. உள்ள பழைய கால் அணாவை வைத்தால் காசு மட்டும் இரண்டாயிரம் பிக்சலுக்கு ஒட்டி வருகிறது. பெரும்பாலான போன்களின் திரை அகலமே 1080 பிக்சல்தான், ஆக அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு மில்லிமீட்டருக்கு எண்பது பிக்சல் வாக்கில் கிடைப்பதால், இப்போதைய காசுகளில் வருடத்துக்குக் கீழே இருக்கும் பொடிக் குறி (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் மின்ட் குறி) நட்சத்திரமா டைமண்டா என்று வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நட்சத்திரம் என்றால் ஐதராபாத், டைமண்ட் என்றால் மும்பை, வெறும் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இதைப் பார்க்கத்தானே பாதிப் பேர் கேமராவே தேடுகிறார்கள்? மிகக் கிட்டே எடுக்கவே செய்த மேக்ரோ லென்ஸ் இல்லாமலே இவ்வளவு தூரம் வரலாம்.

போனைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. "இது என்ன காசு" என்று நண்பருக்கு அனுப்ப போன் போதும். மலிவு போன்களில் தனியாக ஒரு 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா கொடுத்திருப்பார்கள், அதை மறந்துவிடுங்கள். மெயின் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, பத்துப் பன்னிரண்டு செ.மீ. தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது அதைவிட நன்றாக வரும். போனைக் கையில் பிடிக்காமல் இரண்டு டப்பாக்களுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து டைமர் போடுங்கள்.

ஏமாற வாய்ப்புள்ள இடம் சின்ன காம்பாக்ட் கேமராக்கள்தான். "ஒரு செ.மீ. மேக்ரோ" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். பொய்யில்லை, ஆனால் அது வைட் முனையில், அதாவது ஜூமே செய்யாத நிலையில் மட்டும். லென்ஸ் காசை முட்டிக்கொண்டு நிற்கும், வெளிச்சம் வர வழியிருக்காது, காசின் நடு உப்பி விளிம்பு ஒதுங்கிப் போகும். ஜூம் செய்தால் நெளிவு போய்விடும், ஆனால் கிட்டே ஃபோகஸ் பிடிக்காது. யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பும் இதே ரகம்தான், ஆயிரம் மடங்கு என்று விற்பார்கள். அச்சுப் பிழையையோ மின்ட் குறியையோ பார்க்க அது சரி, முழுக் காசின் படத்துக்கு வேண்டாம்.

அப்புறம் என்னதான் வாங்குவது? பழைய டிஎஸ்எல்ஆர்தான். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டதால் இவை நல்ல நிலையிலேயே கைமாறுகின்றன. 600டியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் அதன் திரை வெளியே திரும்பும். காசு போட்டோவில் கேமரா தலைகுப்புற நிற்கும், திரை திரும்பாவிட்டால் நீங்கள் நாற்காலி மேல் ஏறிக் குனிய வேண்டும், ஒரு மணி நேரத்தில் கழுத்து போய்விடும். திரும்பாத திரை உள்ள 1200டி கிடைத்தாலும் குறையில்லை, கேனனின் இலவச மென்பொருளில் கேமரா பார்ப்பதை லேப்டாப்பில் பெரிதாகப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். நிக்கானில் டி5100, டி5300 இரண்டிலும் திரை திரும்பும். கையில் 20,000 ரூபாய் இருந்தால் அதில் பாதியைத்தான் பாடிக்கு (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு) கொடுங்கள், மிச்சம் லென்சுக்கும் ஸ்டாண்டுக்கும் விளக்குக்கும்.

லென்சில் என் ஓட்டு கொஞ்சம் விசித்திரமான ஒரு ஜோடிக்கு. 55-250 ஜூம் லென்ஸ், அதன் முகத்தில் கவ்விக்கொள்ளும் ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்ற க்ளோஸ்-அப் லென்ஸ். இதன் சக்தி 4.8 டயாப்டர், ஆயிரத்தை 4.8ஆல் வகுத்தால் 208 மி.மீ. ஜூம் லென்சின் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (வெகுதூரத்தில்) வைத்துவிட்டால் காசுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் இருபது செ.மீ. இடைவெளி, நீங்கள் எவ்வளவு ஜூம் செய்தாலும் அது மாறாது. நூறு மி.மீ. அருகில் வைத்தால் வெள்ளி ரூபாய் மேலும் கீழும் தொட்டும் தொடாமல் திரையை நிரப்பும். ஸ்டாண்டை அசைக்காமல் 250 வரை திருப்பினால் அம்மன் காசு அதே மாதிரி நிரப்பும். பெரிய காசிலிருந்து சின்னக் காசுக்கு இவ்வளவு சுலபமாக மாற வேறு மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. டிசிஆர்-250 இன்னும் சக்தி கூடியது, 8 டயாப்டர், இடைவெளி 12 செ.மீ.யாகக் குறைந்துவிடும். பொடிக் காசு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது.

எக்ஸ்டென்ஷன் ட்யூப் பற்றியும் கேட்பீர்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, லென்சை முன்னே தள்ளும் வெறும் குழாய். குழாயின் நீளத்தை லென்சின் மி.மீ.யால் வகுத்தால் கூடுதலாக எவ்வளவு பெரிதாகும் என்று கிடைக்கும், 50 மி.மீ. லென்சில் 25 மி.மீ. குழாய் என்றால் அரை மடங்கு. 18-55இல் போட்டுக் கஷ்டப்படாதீர்கள். வாங்கினால் மின் தொடர்பு உள்ளதாக வாங்குங்கள், இல்லையென்றால் கேனன் லென்சில் அபர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) மாற்ற முடியாது. புது மேக்ரோ லென்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் விலை குறைவு என்று நிக்கான் 40 மி.மீ. பக்கம் போவார்கள். அருமையான லென்ஸ்தான், ஆனால் முழு அளவுக்கு (சென்சாரில் காசு அதன் நிஜ அளவிலேயே விழும் வரை) கிட்டே போனால் காசுக்கும் அதற்கும் நடுவே நாலு செ.மீ. கூட மிஞ்சாது. அதற்குப் பழைய மேனுவல் மைக்ரோ-நிக்கார் 55 தேவலை, அது தனியாகப் பாதி அளவு வரை போகும், நம் ரூபாய்க்கு அதுவே போதும். சின்ன அடாப்டர் ஒன்று போட்டால் கேனனிலும் உட்காரும்.

ஸ்டாண்ட் விஷயத்தில் நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோ பேப்பரும் செய்த எச்பிஎஃப் (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) 1960இல் தொடங்கியது ஊட்டியில்தானே, அதோடு சுற்றுலா ஊர் என்பதால் ஊட்டி, குன்னூர் இரண்டு இடத்திலும் டார்க்ரூம் வைத்த ஸ்டூடியோக்கள் இருந்தன. பழைய ஸ்டூடியோவில் போய் "பரணில் என்லார்ஜர் கிடக்கிறதா அண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி அது. தலையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கால் இன்ச் போல்ட் ஒன்றால் கேமராவை மாட்டினால், அடிப்பலகையும் ஏறி இறங்கும் தூணும் கொண்ட முதல்தரக் காப்பி ஸ்டாண்ட் ரெடி. நெகட்டிவும் பேப்பரும் இம்மி சாயாமல் இணையாக நிற்கவே செய்த சாமான் அது, ட்ரைபாடைக் கவிழ்த்து மாட்டிக் கஷ்டப்படுவதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. தலையோடு வரும் 50 மி.மீ. லென்சைத் தூக்கிப் போடாதீர்கள், பெல்லோஸ் (துருத்தி போல நீளும் குழாய்) கிடைத்தால் அதில் மாட்டலாம். தட்டையான பொருளைக் கிட்டத்தில் எடுக்கவே வடிவமைத்தது என்பதால் காசுக்கு அசத்தும்.

கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்கக் காசு வைக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடித் துண்டை வையுங்கள். லென்சின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் சரி. மரத்தளம் போட்ட பழைய பங்களா வீடென்றால் யாரும் நடக்காத நேரமாகப் பாருங்கள், பஸ் போகும் சாலையோரம் என்றால் லாரி போய் முடியட்டும். லைவ் வியூ, இரண்டு செகண்ட் டைமர், ஐஎஸ்ஓ 100, எஃப் 8. இதற்கு மேல் அபர்ச்சரை மூடினால் கிட்டத்தில் எடுக்கும் படம் மழுங்கும்.

மலையில் ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். மேகம் இறங்கிவிட்டால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம், முகத்துக்கு அழகாக இருக்கும், காசுக்கு ஆகாது. நிழலே விழாததால் மன்னரின் மூக்கும் காதும் தட்டையாகிவிடும், வெள்ளியின் மினுக்கு செத்துவிடும். ஐந்து நிமிடத்தில் மேகம் விலகினால் நிறமும் மாறிப்போகும். திரையை இழுத்துவிட்டு, ஒரே கம்பெனி, ஒரே வகை எல்இடி பல்பு இரண்டை டேபிள் லாம்பில் போட்டு, கடிகாரத்தில் பத்து, இரண்டு இருக்கும் திசையில் வையுங்கள். மினுக்கு உள்ள வெள்ளிக்கு விளக்கை லென்சை ஒட்டி உயரத்தில் தூக்குங்கள், தேய்ந்த செம்புக்குத் தாழ்த்துங்கள். எழுத்தே தெரியாமல் தேய்ந்ததற்கு ஒரு விளக்கு போதும், அதுவும் மேசையை ஒட்டி. கண்ணாடி போலப் பளபளக்கும் ப்ரூஃப் காசுக்கு, போட்டோ ஃபிரேம் கண்ணாடியை லென்சுக்குக் கீழே 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால் அது நேராகக் காசின் மேல் இறங்கும். அந்தக் கண்ணாடி சாய்ந்து நிற்கவும் அதே பத்து செ.மீ. வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது, அதுவும் மலையில் இருப்பவரிடம் வாங்கும்போது, பூஞ்சை பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, முழுக்கப் பால் படர்ந்தது போல் இருந்தால் புகை. தூசி இரண்டு இருந்தால் பரவாயில்லை. துடைத்தால் போய்விடும் என்று விற்பவர் சொன்னால் அவரே துடைத்துக் கொடுக்கட்டும்.

வாங்கிய பிறகு லென்சை அதன் தோல் பையிலேயே வைக்காதீர்கள், ஈரம் பிடித்து வைத்துக்கொள்வதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ரப்பர் வாஷர் வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், ஜெல் நிறம் மாறியிருந்தால் சூடாக்கி மறுபடி போடுங்கள். அரிசி போடுவார்கள் சிலர், தூசிதான் மிச்சம். காசுகளையும் இதே கவனிப்பில் வைக்கலாம், ஆனால் வழவழ பிவிசி கவரில் மட்டும் வேண்டாம், செம்பில் பச்சை ஏறும்.

ஊட்டியில் வாங்கிக்கொண்டு கீழே இறங்குபவர்களுக்கு ஒன்று. குளிர்ந்த கேமராவை மேட்டுப்பாளையம் வெக்கையில் திறந்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். கிளம்பும் முன்பே ஜிப் கவரில் காற்றுப் போகாமல் மூடி, பைக்குள் வைத்துவிடுங்கள், வீடு போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும்.