கலப்பு ஊடக அரூப ஓவியம்: பார்ப்பதிலும் வரைவதிலும் நேரும் தவறுகள்

எந்த உருவத்தையும் நேராகக் காட்டாமல் வண்ணத்தாலும் கோட்டாலும் அமைவது அரூப ஓவியம்; வண்ணம், தாள் எனப் பல பொருள்களை அதில் சேர்த்தால் அது கலப்பு ஊடகம். இத்தகைய ஓவியத்தின் முன் நின்று அதற்குள் ஒளிந்திருக்கும் முகத்தையோ மலையையோ தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கோலாலம்பூரின் தேசியக் கலைக்கூடத்தில் அத்தகைய ஓவியத்தைப் பார்க்கும்போது, எந்தப் படலம் முதலில் இடப்பட்டது, எங்கே வண்ணம் சுரண்டப்பட்டது, கிழித்து ஒட்டிய தாளின் விளிம்பு எங்கே மேலெழுகிறது என்று கவனித்தால், கலைஞரின் முடிவுகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். கைப்பேசிப் படத்தை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்வதும் தவறே. மேடுபள்ளத்தைப் படம் தட்டையாக்கிவிடுவதால், நேரில் சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

கலைஞரின் வாழ்க்கையை ஓவியத்தின் விடைத்தாளாகக் கொள்வது இன்னொரு தவறு. கெடாவின் யான் வட்டாரத்தில் பிறந்த மலேசிய ஓவியர் இப்ராஹிம் ஹுசேனின் (1936–2009) வளைகோடுகளை எல்லாம், அது நெல் விளையும் பகுதி என்ற காரணத்தாலேயே வயல் வரப்புகள் என்று விளக்குவது எளிது, ஆனால் பயனற்றது. அச்சுப் படிமங்களையும் வண்ணத்தையும் ஒரே கேன்வாஸில் இணைத்து அவர் உருவாக்கிய 'பிரிண்டேஜ்' முறையை அறிந்திருப்பதே பார்வையாளருக்கு உண்மையில் உதவும்.

வரைபவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசுவது. அக்ரிலிக் நீர் ஆவியாகி விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பல மாதங்களாக மெல்ல இறுகுகிறது. ஆகவே மேற்படலம் சரியாகப் பற்றாமல் நாளடைவில் உரியக்கூடும். நன்கு உலர்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெயைப் பூசுவதில் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது, பழைய தமிழ் நாளிதழை மைதாப் பசையால் அப்படியே ஒட்டுவது. மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள் காரணமாகச் செய்தித்தாள் மஞ்சளித்து நொறுங்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பசையில் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். சில்வர்ஃபிஷ் பூச்சிக்கும் அந்தப் பசை நல்ல உணவு. எழுத்துகள்தாம் தேவையென்றால், அமிலமற்ற தாளில் நகலெடுத்து, அக்ரிலிக் மீடியத்தால் (வண்ணம் சேர்க்காத அக்ரிலிக் கலவையால்) ஒட்டுவதே நல்லது.

வாங்கிய ஓவியத்தை மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டுவதும், ஓவியத் தாளைக் கண்ணாடி தொடும்படி சட்டமிடுவதும் ஈரத்தைச் சிறைப்படுத்தும். விழாக்காலத்தில் வீட்டைத் துடைக்கும் அதே ஈரத்துணி ஓவியத்தின் மேலும் போய்விடுகிறது. கரிக்கோடுகள் அதில் ஒரே இழுப்பில் கலைந்துவிடும். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டுமே நீக்க வேண்டும். உதிரத் தொடங்கிய பகுதியைத் தொடாமல், ஓவியங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.